அந்தப் பெண் அலங்காரம் செய்துகொள்ளவில்லை: ஓர் அருங்காட்சியகத்துக்குத் திறந்த மடல்

கண்காட்சிப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

தமிழாக்கத்துக்கு நீங்கள் அனுப்பிய 26 பக்கத்தில் ‘அழகி’ என்று நான் எழுத வேண்டிய இடங்கள் 19. உட்கார்ந்து எண்ணினேன். விளக்கு ஏந்தியவள் அழகி, குதிரை மேல் இருப்பவள் அழகி, தட்டோடு நிற்பவள் அழகி, சுவரோவியத்தில் வரிசையாகப் போகிறவர்கள் அழகிகள், கூடத்துக்கே பெயர் ‘பண்டைச் சீனத்து அழகிகள்’. போதாததற்கு, காகிதக் கொண்டை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள வாசலில் ஒரு மூலை. இவையெல்லாம் கல்லறையிலிருந்து வந்தவை என்ற விஷயம் எட்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி.

ஒன்பது பக்கம் முடித்து, ஓரத்தில் குறிப்பெழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து உங்களிடமிருந்து ஒரு வரி வந்தது: உள்ளடக்கம் முடிவாகிவிட்டது, இருப்பதை அப்படியே தமிழில் தந்தால் போதும். முடிவு செய்வது உங்கள் அதிகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ் விளக்க அட்டைகளுக்குக் கீழே மொழிபெயர்த்தவர் என்று என் பெயர் வரப்போகிறது, அதைப் படிக்கப்போவது என் பக்கத்து வீட்டுக்காரர்களும் என் மகளின் வகுப்புத் தோழிகளும். அதனால்தான் இதை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் சீனவியல் அறிஞர் இல்லை. கணவருடைய வேலைக்காக ஷிஆன் நகரத்தில் ஆறு வருஷம் இருந்தேன். மொழி தெரியாத ஊரில் பகல் பொழுதைப் போக்க அருங்காட்சியகங்களுக்குப் போக ஆரம்பித்து, அங்கிருந்த அட்டைகளைப் படித்தே பாதி சீனம் கற்றுக்கொண்டேன். விடுமுறை விட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாங்ஷா, வூஹான், அன்யாங் என்று கிளம்பிவிடுவோம். (என் மகள் பேசக் கற்றுக்கொண்ட பருவத்தில் அவளுக்குத் தெரிந்த சீனச் சொற்களில் பாதி சவப்பெட்டி சம்பந்தப்பட்டவை.) என்னிடம் இருக்கும் தகுதி இவ்வளவுதான். இந்தத் தகுதிக்கே உங்கள் பக்கங்களில் இத்தனை தெரிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கண்ணாடிப் பெண்.

உங்கள் 11ஆம் அட்டை சொல்கிறது: ‘கையில் கண்ணாடியோடு அலங்காரம் செய்துகொள்ளும் அழகி, ஹான் காலம், கற்பலகையின் மைப்படி.’ (மைப்படி என்றால் கல்லின் மேல் தாள் வைத்து மையொற்றி எடுத்த படி.) படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தக் கல் ஷாண்டோங் மாகாணத்தில் ஜியாஷியாங் பக்கம் இருக்கும் வூ லியாங் நினைவு மண்டபத்தைச் சேர்ந்தது, கி.பி. 151இல் இறந்த ஒரு படிப்பாளிக்காக எழுப்பியது. கல்லில் இருக்கும் பெண் லியாங் நாட்டு இளம் விதவை. பேரழகி, ஆமாம், இந்த 26 பக்கத்திலேயே அந்தச் சொல் உண்மையாகப் பொருந்துகிற ஒரே ஆள் அவர்தான். கணவன் சின்ன வயதிலேயே போய்விட, ஊரிலிருந்த பெரிய மனிதர்கள் போட்டி போட்டுக்கொண்டு பெண் கேட்டார்கள், அவர் யாருக்கும் சம்மதிக்கவில்லை, கடைசியில் அரசனே பரிசப் பொருளோடு தூதனை அனுப்பினான். அவர் ஒரு கையில் கண்ணாடியையும் இன்னொரு கையில் கத்தியையும் எடுத்துத் தன் மூக்கை அறுத்துக்கொண்டார். அரசன் என்னைக் கேட்டது இந்த முகத்துக்காகத்தானே, இனிமேல் விட்டுவிடுவான் என்பது அவர் சொன்ன காரணம்.

கல்லில் கத்தி இருக்கிறது. தூதன் இருக்கிறான், பொன் கொண்டுவந்தவர் இருக்கிறார், வண்டி நிற்கிறது. பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் பெயரும் எழுதியிருக்கிறது: லியாங்கின் காவ்ஷிங். நீங்கள் எடுத்துப் போட்டிருக்கிற படத்தில் ஓரத்தை வெட்டியதில் கத்தியும் போய்விட்டது, பெயரும் போய்விட்டது, மிஞ்சியது முகமும் கண்ணாடியும். எதற்காக அந்தப் பெண் மூக்கை அறுத்துக்கொண்டாரோ அதையே மறுபடி அவர் முகத்தில் ஒட்டவைத்து 11ஆம் அட்டையாக மாட்டப் போகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூக்கறுத்த கதையைப் பெருமையாகப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. காவ்ஷிங் என்பதே அவர் பெயர் இல்லை, ‘உயர்ந்த நடத்தை உடையவர்’ என்று பின்னால் அரசன் கொடுத்த பட்டம். சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அதே மண்டபத்துச் சுவரில் இன்னொரு பெண், தீப்பிடித்த வீட்டுக்குள் அண்ணன் பிள்ளையைக் காப்பாற்ற ஓடி, புகையில் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டு, அந்தப் பழி தாங்காமல் திரும்பவும் தீக்குள்ளேயே போகிறார். இன்னொருத்தி கணவனைக் கொல்ல வந்தவனிடம் தன் தலையைக் கொடுக்கிறார். கி.மு. முதல் நூற்றாண்டில் லியூ ஷியாங் என்ற அரசவை அறிஞர் தொகுத்த பெண்கள் வரலாற்றிலிருந்து வந்த கதைகள் இவை. ஒரு ஆணின் நினைவு மண்டபத்தில், வந்து வணங்குகிற குடும்பத்தார் பார்ப்பதற்காக, பெண்கள் இப்படி இருக்க வேண்டும் என்று செதுக்கி வைத்தது. இதை நாலு வரியில் எழுத முடியும். எழுதினால் பார்க்கிறவர் அந்தக் கல்லுக்கு முன்னால் இரண்டு நிமிஷம் கூட நிற்பார்.

அடுத்தது உங்கள் நடைக் குறிப்பு. பக்கங்களோடு சேர்த்துத் தமிழுக்கென்றே ஒரு தாள் வைத்திருந்தீர்கள்: அரச குடும்பத்துப் பெண்களுக்கு ‘அவர்’, பணிப்பெண்களுக்கும் ஆடல் மகளிருக்கும் ‘அவள்’. இந்தத் தாளை எழுதியவர் தமிழ் தெரிந்தவர்தான், அதனால்தான் அதிகமாக வலிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் தப்பித்துவிடலாம். தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியத்திலேயே முடிவு செய்தாக வேண்டும், இந்தப் பொம்மை அதுவா, அவளா, அவரா என்று. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரபு வீட்டில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்று வகுத்த ஏற்பாட்டுக்கு இன்றைக்கு நாமும் ஒரு கையெழுத்துப் போட வேண்டுமா? மேலே முதல் பத்தியில் நானே ‘ஏந்தியவள்’, ‘நிற்பவள்’ என்று எழுதினேன், உங்கள் தாளின்படி எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று காட்டத்தான். இனிமேல் அப்படி எழுதப் போவதில்லை.

அந்த விளக்கையே எடுத்துக்கொள்வோம். ஹெபெய் மாகாணம் மான்செங்கில் 1968இல் திறந்த தோவ் வானின் கல்லறையில் கிடைத்தது, ஹான் அரச குடும்பத்து லியூ ஷெங்கின் மனைவி அவர். அதன் நகல் உங்கள் கூடத்து நடுவில் நிற்கப் போகிறது, நல்ல தேர்வு. பொன் முலாம் பூசிய வெண்கலம், 48 செ.மீ. உயரம், வெறுங்காலோடு மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் இளம்பெண். இடக்கை விளக்கின் அடியைத் தாங்குகிறது, வலக்கைச் சட்டைக் கை விளக்குக்கு மேலே கூடாரம் போலத் தொங்குகிறது. புகை அந்தச் சட்டைக் கை வழியாக ஏறி அவர் உடம்புக்குள் போய்விடும், எஜமானியின் அறையில் கரி படியாது. உடம்பு உள்ளே கூடு, தலையையும் கையையும் தனித்தனியாகக் கழற்றிச் சாம்பலைச் சுத்தம் செய்யலாம். வெளிச்சம் கூடக் குறைய வைக்க மறைப்புத் தகடுகளை நகர்த்திக்கொள்ளலாம்.

உங்கள் அட்டை: ‘நளினமாக விளக்கேந்தும் அரண்மனை அழகி.’

அந்த விளக்கில் ஒன்பது இடத்தில் எழுத்து இருக்கிறது, மொத்தம் 65 எழுத்துகள். எந்த வீட்டுக்குச் சொந்தம், எந்த அரண்மனைப் பிரிவில் இருந்தது, எடை எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு பிடிக்கும், எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். ஒரு கைக்கு மறு கை மாறினாலும் கணக்குத் தவறக் கூடாது. விளக்குக்கு இத்தனை விலாசம், விளக்கைப் பிடித்திருக்கிறவருக்கு ஒன்றும் இல்லை. பெண்ணின் உடம்பே புகைபோக்கியாக ஆகியிருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு அதைச் சொல்லுங்கள் என்றுதான் ஓரத்தில் எழுதினேன். அதுவும் இன்னொரு பெண்ணின் கல்லறைக்குள். ‘பண்டைச் சீனத்துப் பெண்’ என்று ஒரே ஆளாகப் பேச முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது, தோவ் வான் பச்சைக்கல் துண்டுகளைப் பொன் கம்பியால் கோத்த அங்கிக்குள் படுத்திருந்தார், இவர் மண்டியிட்டு இருந்தார்.

இப்போது 6ஆம் அட்டை. இது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்பைத்தான் அதிகம் கொடுத்தது. சாங்ஷாவில் மாவாங்துய் என்ற இடத்தில் 1972இல் தோண்டிய முதல் கல்லறை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. உள்ளே ‘தாய்’ என்ற பகுதியின் பிரபுவுடைய மனைவி, 50 வயது வாக்கில் இறந்தவர், தோல்கூட மெத்தென்று இருக்கும்படி உடல் கெடாமல் கிடைத்தது, வயிற்றில் முலாம்பழ விதைகள் செரிக்காமல் இருந்தன. அவர் பெயர் நமக்குத் தெரிவது கல்லறையில் கிடைத்த ஒரு முத்திரையால், அதில் மூன்று எழுத்து: ‘சியே ஷின் ஜுவேய்’. உங்கள் மூலத்தில் இதை ‘ஆசைநாயகி ஷின் ஜுவேய்’ என்று வரும்படி எழுதியிருக்கிறீர்கள். ‘சியே’ என்ற எழுத்துக்கு அகராதியில் அந்தப் பொருளும் இருப்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் காலத்தில் உயர்குடிப் பெண் தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்ளும் சொல்லும் அதுதான், நம்மூரில் பெரியவர்களுக்கு விண்ணப்பம் எழுதும்போது ‘அடியேன்’ என்று போட்ட மாதிரி. பெண் என்பதால் ‘அடியாள்’ என்று போடலாம், ஆனால் இன்றைக்கு அடியாள் என்றால் அரிவாளோடு ஒருவன் வந்து நிற்பான், அதனால் ‘அடியேன் ஷின் ஜுவேய்’ என்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்னபடி ‘இருப்பதை அப்படியே’ மொழிபெயர்த்திருந்தால் பிரபுவின் மனைவியை வைப்பாட்டி ஆக்கியிருப்பேன்.

அதே கல்லறையின் பட்டுத் துணி ஓவியத்தைப் பற்றி உங்கள் அட்டையில் ஒன்றும் தப்பில்லை, ஆனால் நடுவில் இருப்பவரை விட்டுவிட்டீர்கள். நிலா, சூரியன், நாகம், பறவை என்று விண்ணுலகம் முழுக்க வர்ணித்துவிட்டு நடுவில் கைத்தடி ஊன்றிச் சற்றே குனிந்து நிற்கிற அந்த அம்மாளுக்கு ஒரு சொல்கூட இல்லை. பக்கவாட்டில், வயதானவராக, உடம்பு கனத்தவராக வரைந்திருக்கிறார்கள். பின்னால் மூன்று பெண்கள், முன்னால் மண்டியிட்ட இருவர். கல்லறை ஓவியத்தில் ஒரு வயதான பெண்ணை வயதானவராகவே காட்டியிருக்கும் அரிய இடம். அழகிகள் கூடத்துக்கு அவர் ஒத்துவரவில்லையோ என்னவோ.

அன்யாங்கின் ஃபூ ஹாவ், ஷாங் அரசன் வூ திங்கின் மனைவி, அவர் விஷயத்தில் நேர்மாறான தப்பு. சுவரொட்டியில் கோடரி பிடித்து நிற்கும் வெள்ளைக் கல் சிலையைப் போட்டு ‘3200 வருஷத்துக்கு முந்தைய வீராங்கனையின் உருவம்’ என்கிறீர்கள். அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நின்று நான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அது நம் காலத்தில் செய்து வைத்தது. ஃபூ ஹாவின் முகம் யாருக்கும் தெரியாது. ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் தொல்லியலாளரின் குழு 1976இல் அந்தக் கல்லறையைத் திறந்தபோது 468 வெண்கலப் பொருள், 755 பச்சைக்கல் பொருள் கிடைத்தன, மண்டியிட்ட சிறு பச்சைக்கல் மனித உருவங்களும் இருந்தன, எதிலும் இதுதான் ஃபூ ஹாவ் என்று எழுதியிருக்கவில்லை. பெயர் இருந்தது வெண்கலங்களில். 13,000 பேர் கொண்ட படையோடு போனார் என்பதும் நமக்குக் குறி பார்க்கப் பயன்படுத்திய எலும்புகளில் வெட்டிய எழுத்துகள் வழியாகத்தான் தெரியும். அதே எலும்பு எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அவர் பிரசவம் நல்லபடியாக ஆகுமா என்று அரசன் வூ திங் குறி கேட்கிறான், 31 நாள் கழித்துக் குழந்தை பிறக்கிறது, முடிவை எழுதுகிறார்கள்: நல்லதாக அமையவில்லை, பெண். படை நடத்தியவருக்குப் பிறந்த குழந்தையைப் பற்றி எழுதியது இது. அவரோடு சேர்த்துக் கொன்று புதைத்த 16 பேரும் அந்தக் குழிக்குள்தான் இருந்தார்கள். வீராங்கனை என்று ஒரே சொல்லில் முடிக்க எப்படி மனசு வருகிறது?

புதைக்கப்பட்டவர்கள் என்றதும் மணிகள் நினைவுக்கு வருகின்றன. உங்கள் முதல் கூடத்தில் ஸெங் நாட்டு ஆட்சியாளர் யீயின் 65 வெண்கல மணிகளின் பெரிய படம், ஒலியோடு. கி.மு. 433 அளவில் புதைத்தது, 1978இல் தோண்டியது. வூஹானில் அந்த மணிகளைப் பார்த்து நானும் வாயைப் பிளந்து நின்றவள்தான், ஒவ்வொரு மணியும் தட்டும் இடத்தைப் பொறுத்து இரண்டு சுரம் கொடுக்கும். அதே கல்லறையில் 21 பெண்கள். எட்டுப் பேர் அவன் சவப்பெட்டி இருந்த அறையில், ஒரு நாயோடு. 13 பேர் மேற்கு அறையில். பதின்மூன்று வயதிலிருந்து இருபத்தைந்துக்குள். உங்கள் அட்டையில் மணிக்கு 120 சொல், அந்தப் பெண்களுக்கு ஒன்றும் இல்லை. அட்டையில் இடமில்லை என்பீர்கள், நான் எண்ணித்தான் சொல்கிறேன், ‘அற்புதமான’ என்ற சொல்லையே நான்கு தடவை போட்டிருக்கிறீர்கள், அதை எடுத்தால் இடம் வரும்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், மண்ணிலும் மரத்திலும் செய்த பணிப்பெண் உருவங்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் வந்து நிற்கின்றன. செத்தவருக்கு அந்த உலகத்திலும் சமைக்க, இசைக்க, விசிற ஆள் வேண்டும். ஆளையே அனுப்பிய வழக்கமும் பொம்மையை அனுப்பிய வழக்கமும் நெடுநாள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முதல் பேரரசன் சின் ஷிஹுவாங்குக்கு மண் படை செய்தார்கள், அதில் பெண் இல்லை. பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களை அவனோடு சேர்த்துச் சாகவைத்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதுகிறார். இது தெரிந்தபின் உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கைகட்டி நிற்கும் சிறு மண் உருவத்தைப் பார்த்தால் ‘நளினம்’ என்று எழுத வராது.

தாங் பேரரசின் காலத்துக்கு வந்தால் ஒரே கொண்டாட்டம். பருத்த கன்னத்துப் பெண் உருவங்களைப் பற்றி, ‘பேரழகி யாங் குய்ஃபெய் குண்டாக இருந்ததால் எல்லாப் பெண்களும் அவளைப் போல ஆக விரும்பினர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஷிஆனில் பேருந்தில் வரும் வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும். யாங் 745இல்தான் அரசனின் துணைவியாகிக் குய்ஃபெய் என்ற பட்டம் பெற்றார். அதற்கு முன்னாலேயே 737இல் இறந்த வூ ஹுய்ஃபெய், அதே அரசனின் முந்தைய துணைவி, அவருடைய கல் சவப்பேழையின் சுவரில் கொழுகொழுவென்ற பெண்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லறையிலிருந்து திருடி அமெரிக்காவுக்கு விற்ற பேழை அது, 2010இல் திரும்பி வந்தது, ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்த்தேன். ஆக அந்த உடல்வாகு நாகரிகமானதற்கு ஒரு பெண் காரணம் இல்லை. நாட்டில் கலகம் வந்ததற்கும் யாங்தான் காரணம் என்று 756இல் அவரைச் சாகவைத்தார்கள், பொம்மைகள் குண்டானதற்குமா அவர் பொறுப்பு?

அதே கூடத்தில் இன்னொரு பலகை, இது வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும், தொனி மாறுகிறது: ‘போலோ ஆடினார்கள், ஆண் உடை அணிந்தார்கள், தாங் பெண்கள் சுதந்திரப் பறவைகள்.’ குதிரை மேல் பாய்ந்து திரும்பும் அந்த உருவங்கள் எனக்கும் மிகவும் பிடிக்கும், என் மகளின் மேஜையில் ஒரு நகல் இருக்கிறது. ஆனால் ஆண் உடையில் நிற்கும் உருவங்களில் பலர் எஜமானிக்குப் பின்னால் நிற்கும் பணிப்பெண்கள்தான். இளவரசி யோங்தாயின் கல்லறைச் சுவரில் ஒன்பது பெண்கள் போகிறார்களே, கிண்ணம், விசிறி, மெழுகுவர்த்தி, பேழை ஏந்தி, அவர்களில் ஒருவர் ஆண் உடையில். அந்த ஓவியம் அவ்வளவு உயிரோடு இருக்கிறது, கிசுகிசுவென்று பேசிக்கொண்டே போவது போல இருக்கும். யாருக்காக என்றால் 701இல் 17 வயதில் இறந்த ஒரு பெண்ணுக்காக. பேரரசி வூ ஸெதியனின் பேத்தி. பாட்டியின் ஆணையால் செத்தாள் என்கின்றன வரலாறுகள். கல்லறைக்குள் வைத்த நினைவுக் கல்வெட்டோ கர்ப்பத்தில் நேர்ந்த சாவு போலக் குறிப்பால் சொல்கிறது. அப்பா அரசனாகத் திரும்பியபின் 706இல் மகளுக்கு எடுத்த பெரிய கல்லறை அது. நடந்ததற்கு ஈடுகட்டத் தகப்பன் கட்டிய இடத்துச் சுவரைக் காட்டிச் சுதந்திரம் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம். (பார்த்தீர்களா, ‘செத்தாள்’ என்று எழுதிவிட்டேன், பதினேழு வயது என்றதும் வாயில் வந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும், இளவரசிக்கும் ஒரு தடவை ‘அவள்’ விழட்டும்.)

பிடித்ததையும் சொல்ல வேண்டும். சீனத்தின் வடமேற்கில் இருக்கும் துர்ஃபானின் அஸ்தானா கல்லறைகளுக்கு ஒரு தனிப் பெட்டி ஒதுக்கியிருக்கிறீர்கள். 688இல் புதைக்கப்பட்ட ச்சூ என்ற அம்மாளின் கல்லறையில் கிடைத்த, மரத்தலையும் பட்டுப் பாவாடையுமாக இருக்கும் சிறு பெண் உருவத்தின் படம் அதில் இருக்கிறது. ‘அழகி’ என்று போட்டு முடித்துவிட்டீர்கள், ஆனால் அதன் கை எதனால் ஆனது? பழைய காகிதத்தை முறுக்கிச் செய்தது. பிரித்துப் பார்த்தால் தலைநகர் சாங்ஆனில் இருந்த ஓர் அடகுக் கடையின் கணக்கு. யார் எதை வைத்துப் பணம் வாங்கினார், எப்போது மீட்டார் என்ற சீட்டுகள் ஒரு பொம்மைப் பெண்ணின் பட்டுச் சட்டைக் கைக்குள் ஆயிரத்து முந்நூறு வருஷம் இருந்திருக்கின்றன. இதைச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பெட்டியை விட்டு நகரமாட்டார்கள். அதே அஸ்தானாவில் தானியம் குத்துகிற, புடைக்கிற, திரிகையில் அரைக்கிற, மாவு தேய்க்கிற பெண்களின் களிமண் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. உங்கள் பட்டியலில் அவை இல்லை.

தாங்குக்குப் பின்னால் வந்த சொங் பேரரசுக் காலத்துச் செங்கல் புடைப்புகளிலும் இதே கதை. யான்ஷியில் கிடைத்த சமையல்கட்டுப் பெண்கள் நான்கு செங்கல். ஒருவர் வேலைக்கு முன் தலையைச் சரிசெய்கிறார், ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மீன் நறுக்கத் தயாராகிறார், ஒருவர் தேநீர் போடுகிறார், ஒருவர் பாத்திரம் துலக்குகிறார். நீங்கள் எடுத்துக்கொண்டது தலையைச் சரிசெய்கிறவரை மட்டும்! நான்கையும் போட்டால்தான் முதல் செங்கல்லுக்கே அர்த்தம் வரும், எந்தச் சமையலறையிலும் நடப்பதுதானே, முடியை இறுக்கி முடிந்துகொண்டு உள்ளே போவது.

அப்புறம் திங் தூசாய். இவரை நீங்கள் சேர்த்திருப்பது பட்டியலிலேயே எனக்குப் பிடித்த விஷயம், ஆனால் ‘ஆண் உடையில் நடனமாடும் பெண்’ என்று போட்டிருக்கிறீர்கள். செங்கல்லின் மேல் மூலையில் பெயர் செதுக்கியிருக்கிறது. வட சொங் தலைநகரில் நாடகம் ஆடியவர், அந்த நகரத்தைப் பற்றிய பழைய நினைவுக் குறிப்பு நூலிலும் அவர் பெயர் வருகிறது. அரசி இல்லை, பிரபு மனைவி இல்லை, மூக்கறுத்த உத்தமி இல்லை. ஊரே கைதட்டிய நடிகை, யாரோ ஒருவர் தன் கல்லறைச் சுவரில் அவர் வேண்டும் என்று விரும்பியிருக்கிறார். இத்தனை நூற்றாண்டில் பெயரோடு நிற்கும் இப்படிப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? கிடைத்த பெயரை நாமே தொலைக்க வேண்டாம்.

ஒரு விஷயம் கொஞ்சம் சங்கடமானது. உங்கள் சொந்தச் சேகரிப்பிலுள்ள ஏழு தாங் உருவங்களுக்கும் ‘சீனா, எட்டாம் நூற்றாண்டு’ என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கல்லறை என்று கேட்டதற்கு விவரம் இல்லை என்றீர்கள். இருக்காதுதான். 1900களின் தொடக்கத்தில் லுவோயாங் பக்கம் ரயில் பாதை போடும்போது கல்லறைகள் உடைந்து இந்த மூவண்ண மெருகுப் பொம்மைகள் சந்தைக்கு வந்தன, அதன்பின் வெளிநாட்டுக்கு ஏற்றிவிடத் தேடித் தேடி உடைத்தார்கள். பக்கத்தில் யார் நின்றார், யாருக்குப் பணி செய்ய வைத்தார்கள், என்ன பெயர், எல்லாம் அப்போதே அழிந்துவிட்டது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் தெரியாத இடத்தில் ‘அழகி’ என்று பூசி மறைக்காமல், தெரியாது, ஏன் தெரியாது என்றால் இதனால் என்று எழுதலாம்.

நான் கேட்பவை இவை. கூடத்தின் பெயரை மாற்றுங்கள், ‘கல்லறைக்குள் பெண்கள்’ என்று நேராகவே வைக்கலாம். 11ஆம் அட்டையின் படத்தைக் கத்தியோடும் பெயரோடும் முழுசாகப் போடுங்கள், கண்காட்சி திறப்பதற்கு முன், பிறகு பார்க்கலாம் என்று இல்லாமல். 6ஆம் அட்டையில் முத்திரையின் பொருளைத் திருத்துங்கள், ஆங்கிலத்திலும் சேர்த்து. யாங் குய்ஃபெய் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். சுவரொட்டியில் இருப்பது இக்காலச் சிலை என்று சின்ன எழுத்திலாவது போடுங்கள். மணிகளுக்குப் பக்கத்தில் அந்த 21 பெண்களைப் பற்றி மூன்று வரி, எத்தனை பேர், என்ன வயது, எந்த அறை. திங் தூசாய் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் அது யாருடைய கல்லறையில் இருந்தது, ஆணா பெண்ணா, தெரிந்தால் அதைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தமிழ் அட்டைகளில் எல்லாப் பெண்களுக்கும் ‘அவர்’, விளக்கேந்துபவருக்கும் மாவு தேய்ப்பவருக்கும் சேர்த்து, அந்த நடைத் தாளைத் திரும்பப் பெறுங்கள். படம் எடுக்கும் மூலையை எடுக்கச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டும்தான், காகிதக் கொண்டைக்குப் பதிலாக அந்த ஒன்பது பேர் கையில் இருந்தவற்றை வைத்தால், மெழுகுவர்த்தியும் தட்டும் பேழையும், ஏந்திக்கொண்டு வரிசையில் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள்.

திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் குறித்த இடங்கள் மொத்தம் 23, பாதிக்கு மேல் ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்துவிடும். இவற்றைச் செய்வீர்களா, எதைச் செய்யமாட்டீர்கள் என்று வரும் வெள்ளிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். சரி என்றால் மீதிப் பதினேழு பக்கத்தையும் நாலு நாளில் முடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம். முடியாது என்றால் நான் அனுப்பிய ஒன்பது பக்கத்தைப் பயன்படுத்தாதீர்கள், என் பெயரையும் அட்டைகளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் அமர்த்திய தமிழ் மொழிபெயர்ப்பாளர்